ஆரை, மூட்டைக்குறி, முகத்துவாரம்

தமிழ் அகராதியில் 'ஆரை' என்ற சொல்லைப் புரட்டினால் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும் பொருள்கள் அடுத்தடுத்து நிற்கும். வயல் ஈரத்திலும் குளத்தோரத்திலும் தானாக முளைக்கிற ஒரு கீரை. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால். கோட்டை மதில். ஈழத்துப் பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தில் வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்புக்குப் போகிற கோட்டுக்கும் இதுதான் பெயர். நம்மூர்ப் புத்தகத்தில் அது 'ஆரம்'. அகராதிக்காரர்கள் இவற்றுக்கு எண் போட்டுத் தனித்தனியாக அடுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் கீரையை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தவருக்கு அப்படிப் பிரித்துவைக்கத் தோன்றாது. ஒரே காம்பு. நுனியில் நாலு இலை. நாலும் ஒரு புள்ளியில் கூடி நாலு பக்கமும் விரிந்திருக்கும், ஆரக்கால் மாதிரியே.

ஐரோப்பியக் கட்டடக்கலை நூல்களில் இந்த நாலிலை வடிவத்துக்கு 'குவாட்ரஃபாயில்' என்று பெயர். பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். நாலு, இலை என்ற இரண்டின் சேர்க்கை. லத்தீன் 'ஃபோலியம்' அதன் வேர். ஹோட்டலில் தோசை மடித்துத் தருகிற ஃபாயில் தாளும் அதே இலைதான் என்பது ஒரு வேடிக்கை. வாழையிலையை விட்டுவிட்டு ஃபாயிலுக்குப் போனதாக நினைக்கிறோம். இலையிலிருந்து இலைக்குத்தான் போயிருக்கிறோம். தேவாலயச் சாளரம், பிரபுக்களின் கேடயம், சுவடி ஓரம், வெண்கலக் கதவு என்று இவ்வடிவம் போன இடங்களைப் பற்றி அங்கே நிறைய எழுதியிருக்கிறார்கள். அவற்றில் பலவற்றில் வடிவம் தானே காலெடுத்து ஊர் ஊராக நடந்துபோன தோரணை இருக்கும். வடிவத்துக்குக் காலில்லை. யாரோ அதைத் தூக்கினார்கள், யாரோ கல்லில் கொத்தினார்கள், யாரோ அதை முதுகில் குத்திய மூட்டையைச் சுமந்து அலையைத் தாண்டினார்கள். தூக்கியவர்கள் இருந்த கரையிலிருந்து, அதாவது ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வழியாக முகத்துவாரக்குப்பம் வரை நீளும் மணலிலிருந்து பார்த்தால் நாலிலை எப்படித் தெரியும் என்பதே இங்கே கேள்வி.

முதலில் கீரை. தாவரவியலில் ஆரை ஒரு நீர்ப்பெரணி. பூக்காது, காய்க்காது; காம்படியில் இருக்கிற சின்ன உறைக்குள் வித்துத்தூளை வைத்துக்கொண்டு வறட்சியைக் கடந்துவிடும். லின்னேயஸ் இந்த இனத்தில் ஒன்றுக்கு நாலிலை என்று பொருள்படும் பெயரையே வைத்தார். சித்த மருத்துவத்தில் நீரிழிவுக்கு இதைச் சொல்வார்கள். வங்காளத்தில் இதன் பெயர் சுஷ்ணி சாக், தூக்கம் வரவழைக்கும் கீரை. மட்டக்களப்பு வாவிக்கரையில் ஆரையம்பதி என்றொரு ஊர் இருக்கிறது. பழைய பெயர் ஆரைப்பற்றை. ஆரை மண்டிக் கிடந்ததால் வந்த பெயர் என்று சொல்கிறார்கள். அதே வாவி கடலில் கலக்கும் இடத்துக்குப் பெயர் முகத்துவாரம். ஆரையும் முகத்துவாரமும் ஒரே நீர்ப்பரப்பின் இரண்டு கரையில் பெயராக நிற்கின்றன. இதை நான் பின்னால் திரும்பவும் எடுக்க வேண்டியிருக்கும்.

ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிகள் ஆரையின் உறவுக்காரச் செடி ஒன்றை 'நார்டூ' என்பார்கள். அதன் வித்துறைகளை வறுத்து, அரைத்து, நீரில் கரைத்து, சிப்பியால் அள்ளிச் சாப்பிடும் முறை யாந்துருவாந்தா மக்களிடம் இருந்தது. 1861-ல் கண்டத்தைக் குறுக்காகக் கடந்து திரும்பிய பர்க், வில்ஸ் என்ற இரண்டு வெள்ளையர்கள் கூப்பர் ஓடையருகே அதே நார்டூவைத் தினமும் வயிறு நிறையத் தின்று, மெலிந்து, செத்துப்போனார்கள். முறையாகப் பக்குவம் செய்யாவிட்டால் அதிலுள்ள ஒரு நொதி உடம்பின் பி1 சத்தை அழித்துவிடும் என்று பிற்காலத்தில் விளக்கம் வந்தது. கூடவிருந்த கிங் என்பவர் அந்த மக்களோடு போய்ச் சேர்ந்து உயிர் பிழைத்தார். செத்தவர்களுக்கு மெல்போர்னில் சிலை உண்டு. சோறு போட்டவர்களுக்கு அங்கே அப்படி ஒன்று எழவில்லை. இலையைக் கண்டெடுப்பதும் இலையை அறிந்திருப்பதும் வேறு வேறு காரியம். சின்னங்களின் வரலாறு எழுதுகிறவர்கள் கண்டெடுத்தவன் பக்கமே நிற்பது ஏனென்று யோசிக்கணும்.

சின்னம் என்றதும் நம் ஆட்களுக்குச் சிந்துவெளி ஞாபகம் வந்துவிடும். மொகஞ்சதாரோவில் கிடைத்த 'பூசாரி அரசன்' சிலையின் மேலாடை முழுக்க மூவிலை வடிவம். அஸ்கோ பர்போலா அதை வானத்து விண்மீன் பதித்த ஆடையாக வாசித்து 1985-ல் ஒரு நூலே எழுதினார். காளிபங்கன் தரை ஓடுகளில் ஒன்றையொன்று வெட்டும் வட்டங்கள். வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் இடங்களில் நாலிதழ்ப் பூ தானாகப் பிறக்கிறது. நம் வாசல் கோலத்திலும் இதே கணக்குத்தான். இதைவைத்து 'பார், அப்போதே தமிழன்' என்று குதிக்கிறவர்களை நான் நிறையப் படித்துவிட்டேன். நாலு வட்டம் வெட்டிக்கொண்டால் உலகத்தில் எங்கேயும் நாலிதழ்தான் வரும். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. யார் அதை யாருக்கு எதிராகச் சூடினார்கள் என்பதில்தான் வரலாறு தொடங்குகிறது.

சூடுவது பற்றித் தொல்காப்பியப் புறத்திணையியலில் ஒரு குறிப்பு வருகிறது. மூவேந்தர் படைகள் பனை, வேம்பு, ஆத்தி ஆகியவற்றின் பூக்களை அடையாளமாக அணிந்தன. போர்க்களத்தில் இன்னார் இன்னாருடைய ஆள் என்று தெரிவதற்கு. ஐரோப்பாவில் 12-ம் நூற்றாண்டில் கேடயக் குறிகள் பெருகியதற்கும் இதே காரணத்தைச் சொல்வார்கள்: இரும்புத் தலைக்கவசம் முகத்தை மூடிவிட்டது, யாரென்று தெரியவில்லை. ஆக, முகம் காணாமல் போகிற இடத்தில் சின்னம் முளைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வித்தியாசம். பூ சாயங்காலத்துக்குள் வாடிவிடும், மறுநாள் மறுபடி பறிக்கணும். கேடயக்குறி மகனுக்குச் சொத்தாகப் போகும். இங்கிலாந்தின் சின்ன விதிகளில் ஒரு தகப்பனின் மகன்கள் வரிசைக்கிரமமாக ஒவ்வொரு அடையாளத்தைச் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டாம் மகனுக்குப் பிறை, ஆறாம் மகனுக்கு லில்லி, ஏழாமவனுக்கு ரோஜா. ஒன்பதாவது மகனுக்கு இரட்டை நாலிலை. நிலம் மூத்தவனுக்கு, இலை ஒன்பதாமவனுக்கு! நிலம் கிடைக்காத இப்படிப்பட்ட இளைய மகன்களில் பலர்தான் கம்பெனி எழுத்தர் வேலைக்குக் கப்பலேறி மதராஸ் கடற்கரையில் வந்து இறங்கினார்கள். மகள்களுக்கு இந்த வரிசையில் இடமேயில்லை.

இதை வைத்து 'நம்முடையது பூ, அவர்களுடையது இரும்பு' என்று ஒரு பாட்டுப் பாடிவிடலாம்தான். பாட முடியாது. பூச்சூடியதும் வேந்தர் படைதான். பிற்காலத்தில் இங்கே சின்னம் என்பது சாதிக்குரிய விருதாக இறுகிப்போனது. எந்தக் கொடி, எந்தக் குடை, எந்த வாத்தியம், எந்தத் தெரு வழியாக ஊர்வலம் என்பதற்காக வலங்கையும் இடங்கையும் மதராஸ் கறுப்பர் நகரத்தில் அடித்துக்கொண்டன. 1707-08 தகராறில் வலங்கையார் ஊரைக் காலிசெய்துகொண்டு சாந்தோமுக்குப் போனார்கள். கவர்னர் தாமஸ் பிட் இன்னாருக்கு இன்ன தெரு என்று பிரித்துக்கொடுக்க வேண்டிவந்தது. சின்னத்தின் மீதான ஆசை வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கில்லை. அவன் அதைக் கணக்கெழுதினான், அவ்வளவுதான்.

அவனுடைய சொந்தச் சின்னத்துக்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கேடயம், சிங்கம், லத்தீன் வாசகம் எல்லாம் இருந்தன. ஆனால் கரையில் தினமும் கண்ணில் பட்டது அதுவல்ல. துணி மூட்டைகளில் பொறித்த மூட்டைக்குறி ஒன்று உண்டு. இதய வடிவம், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு, நாலு அறை, அறைக்கொன்றாக வி, இ, ஐ, சி என்ற ஆங்கில எழுத்துகள். ஒன்றிணைந்த கிழக்கிந்தியக் கம்பெனி என்பதன் சுருக்கம். இதயத்தின் மேலே ஒரு தண்டு, அதன் மேலே நாலு என்ற எண்ணைப் போன்ற ஒரு குறி. அந்த நாலு கம்பெனி கண்டுபிடித்ததல்ல. ஐரோப்பிய வணிகர்களும் அச்சுக்காரர்களும் பல தலைமுறையாகத் தங்கள் சரக்குக்குமேல் போட்டுவந்த அடையாளம். மந்திரமா, சிலுவையின் திரிபா என்று ஆராய்ந்துகொண்டே இருக்கிறார்கள். இருக்கட்டும். வேலை என்னவோ சாதாரணமானது: எழுத்துத் தெரியாதவனும் பார்த்த மாத்திரத்தில் இது யார் சரக்கு என்று சொல்லிவிட வேண்டும்.

அந்த எழுத்துத் தெரியாதவன் இங்கே யார்? மதராசுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டுக்கொண்டு நிற்கும். நடுவில் அலை, ஒன்றன்பின் ஒன்றாக உடையும் மதராஸ் அலை. ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அதில் பிளந்துபோகும். ஆணியே இல்லாமல் பலகையோடு பலகையைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்த மசூலாப் படகுதான் வளைந்து நெளிந்து அடிவாங்கிக்கொண்டு தாண்டும். அதைத் தள்ளியவர்கள் இந்தக் கரையின் படகுக்காரர்கள். கவர்னரும் அவர்கள் தோளில்தான் இறங்கினார், துணி மூட்டையும் அவர்கள் தோளில்தான் ஏறியது. 1861-ல் இரும்புப் பாலத்துறை வரும்வரை, ஏன், 1876-ல் தொடங்கிய துறைமுக வேலையை 1881 புயல் அடித்துக்கொண்டு போன பின்பும்கூட, இந்தக் கடல்வாசலுக்குத் தாழ்ப்பாள் அவர்கள் கையில்தான் இருந்தது. இதே மூட்டைக்குறியை 1794-லும் 1797-லும் பர்மிங்ஹாமில் அடித்து மதராஸ் மாகாணத்துக்கு அனுப்பிய செப்புக்காசுகளிலும் பார்க்கலாம். ஒரு ரூபாய்க்கு 48 என்று காசிலேயே எழுதியிருக்கும். சரக்கின் மேல் இருக்கிற குறியே சில்லறையின் மேலும் இருக்கிறது. முதுகில் சுமப்பதும் கையில் வாங்குவதும் ஒரே முத்திரையின் கீழ். கார்ல் மார்க்ஸ் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியிருந்ததை ஒரு செப்புக்காசு சும்மா உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிடுகிறது.

ராயபுரம் என்ற பெயரும் இந்தப் படகுக்காரர்களோடுதான் வருகிறது. கத்தோலிக்கத் தமிழில் பேதுருவுக்கு இராயப்பர் என்று பெயர், பவுலுக்குச் சின்னப்பர். இராயப்பர் மீனவர். அவருக்குக் கிறிஸ்தவப் படகுக்காரர்கள் தங்கள் உழைப்பில் 1829-ல் கோயில் எழுப்பினார்கள். அவருடைய சின்னம் குறுக்காகப் போட்ட இரண்டு சாவி. 'சாவி' என்ற சொல்லே போர்ச்சுகீசியச் சொல். நம்முடைய திறவுகோல் இலக்கியத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. 'ஜன்னல்' அதே வழியில் வந்தது. காலதர், பலகணி, சாளரம் எல்லாம் இருந்தும் நாலிலை வந்து உட்கார்ந்த அந்தத் திறப்புக்கு நாம் வந்தவனுடைய பெயரையே வைத்துக்கொண்டோம். சீட்டாட்டத்தில் இன்னும் வேடிக்கை. டச்சுக்காரன் 17-ம் நூற்றாண்டில் பழவேற்காட்டில் கெல்திரியா கோட்டை கட்டி உட்கார்ந்தான், அங்கிருந்து அடிமைகளைக்கூடக் கப்பலேற்றினான். அவனுடைய கல்லறைகளில் குடும்பச் சின்னங்கள் இன்றைக்கும் துல்லியமாக நிற்கின்றன. அவன் ஈழத்தில் விட்டுப்போன சொற்களில் 'களாவரை' ஒன்று. சீட்டில் மூவிலைச் சாதி. டச்சு மொழியில் 'கிளாஃபர்' என்றால் தீவனப் புல்லின் மூவிலை. நாம் இங்கே ஆங்கில வழியாகக் 'கிளாவர்' என்கிறோம். கேடயத்தில் ஏறி வரமுடியாத இலை சீட்டுக்கட்டில் ஏறி வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டது. 2008-ல் திறந்த கத்திப்பாரா மேம்பாலத்தையும் பொறியாளர்கள் 'குளோவர் லீஃப்' என்றார்கள். நாலு பக்கமும் வளையும் நாலு இலை. யாருக்காவது 'ஆரைப் பாலம்' என்று சொல்லத் தோன்றியதா? சோற்றுத் தட்டில் இருக்கிற சொல்லுக்கு நெடுஞ்சாலைத் துறையில் வேலை கிடைக்காது.

கட்டடக்கலையில் நாலிலை என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பிரான்சில் 13-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கல்லை மெல்லிய கம்பிபோல இழைத்துச் சாளரத்தை நிரப்பும் உத்தி வளர்ந்தது; மூவிலையும் நாலிலையும் கண்ணாடிக்குள் ஏறின. ஃபிளாரன்ஸ் ஞானஸ்நானக் கோயிலுக்கு ஆந்திரேயா பிசானோ 1336-ல் முடித்த வெண்கலக் கதவில் 28 நாலிலைச் சட்டங்கள். எனக்கு முக்கியமாகப் படுவது ஆமியான் பேராலயம். 1220-ல் கட்டத் தொடங்கியது. அதன் மேற்கு முகப்பின் கீழ்வரிசையில், எட்டிக் கையால் தொடுகிற உயரத்தில், நாலிலைச் சட்டங்கள் வரிசையாக ஓடுகின்றன. ஒரு வாசலில் அவற்றுக்குள் பன்னிரண்டு மாதத்து வேலைகள். அறுப்பவன், கதிரடிப்பவன், பழம் பறிப்பவன், குளிரில் அடுப்பருகே காலைக் காட்டுகிறவன். பிரபுவின் கேடயத்தில் வெறும் அலங்காரமாக இருந்த இலை இங்கே வேலைசெய்கிற உடம்புக்கு வீடாக இருக்கிறது.

ஜான் ரஸ்கின் 1880-களில் ஆமியானைப் பற்றி எழுதிய நூலில் இச்சட்டங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். அதற்கு முப்பது வருஷம் முன்பே வெனிஸ் கற்களைப் பற்றிய நூலில் கோத்திக் கலையின் உயிரே கொத்தனின் சுதந்திரத்தில் இருக்கிறது என்று சொன்னவர் அவர். வில்லியம் மோரிஸ் போன்ற சோசலிஸ்டுகள் அதை வேதமாகப் படித்தார்கள். நாமும் படிக்கலாம், தப்பில்லை. ஆனால் அதே ரஸ்கின் 1858 ஜனவரியில், 1857 எழுச்சியின் சூடு ஆறுவதற்குள், லண்டனில் ஒரு சொற்பொழிவாற்றினார். இந்தியக் கைவினைஞன் இயற்கையைப் பார்ப்பதில்லை, உண்மையான பூவை வரைவதில்லை, வளைவும் நெளிவுமாக ஏதோ போடுகிறான், ஆகவே இந்த இனம் கொடூரமானதில் ஆச்சரியமில்லை என்பது அதன் சாரம். கோத்திக் நாலிலை எந்தச் செடியின் இலை? எதனுடையதும் இல்லை. கவராயத்தால் நாலு வட்டம் போட்டு எடுத்தது. அங்கே வட்டம் போட்டால் சுதந்திரம், இங்கே வட்டம் போட்டால் காட்டுமிராண்டித்தனம். ஒரே குறிப்பான் இரண்டு கரையில் இரண்டு குறிப்பீட்டைப் பெறுவதற்குக் காரணம் வடிவத்தில் இல்லை, நடுவில் இருக்கிற கடலில் இருக்கிறது. அந்தக் கடலைத் தாண்டி இங்கே 1896-ல் சாந்தோமில் புதுக்கோத்திக் பேராலயம் எழுந்தது. ரஸ்கின் கொண்டாடிய கொத்தனின் சுதந்திரம் அந்தக் கப்பலில் ஏறவில்லை. வரைபடம் வந்தது, அதைப் பார்த்துக் கொத்தக் கூலியாட்கள் இங்கே இருந்தார்கள்.

இங்கே ஏற்கெனவே இருந்த கல் எதைச் சொல்லிக்கொண்டிருந்தது? நம் கோயில் விமானங்களில் வரிசையாக அமைந்த குதிரைலாட வடிவ வளைவுக்குக் கூடு என்று பெயர். கூரைவேய்ந்த மரக் கட்டடத்தின் முன்முகம் கல்லாக மாறியது அது. மாமல்லபுரத்து திரௌபதி ரதம் அப்பட்டமாக ஒரு குடிசை. குப்பத்துக் குடிசையைக் கல்லில் செய்தார்கள், செய்து முடித்ததும் குடிசைக்காரனை வெளியே நிறுத்தினார்கள். இந்த விஷயத்தில் ஆமியானுக்கும் நமக்கும் உள்ள தூரம் பெரிது. திருவொற்றியூர்க் கோயிலின் கருவறை பின்புறம் வளைந்த தூங்கானை மாடம். ராஜேந்திர சோழன் காலத்தில் கல்லில் எடுத்தது. அங்கிருந்த மடத்தின் தலைவருக்குச் சதுரானன பண்டிதர் என்று பெயர். சதுரானனம் என்றால் நாலு முகம். 10-ம் நூற்றாண்டுக் கல்வெட்டு அவர் கதையைச் சொல்கிறது: கேரளத்துக்காரர், சோழ இளவரசன் இராசாதித்தனின் தோழர், 949-ல் தக்கோலப் போரில் இளவரசன் யானைமேல் செத்தபோது தான் கூடச் சாகவில்லையே என்ற துயரத்தில் துறவியாகித் திருவொற்றியூர் வந்து சேர்ந்தவர். தக்கோலம் கொசஸ்தலை ஆற்றங்கரை. அதே ஆறுதான் கீழே வந்து எண்ணூரில் கடல் சேர்கிறது. ஆற்றின் மேலே தோற்றவர் ஆற்றின் அடியில் நாலுமுகக்காரராகிறார்.

'முகம்' என்ற சொல்லை இங்கே கவனிக்கணும். முகம், வாய், திசை, தொடக்கம் எல்லாம் அது. துறைமுகம், கழிமுகம், முகத்துவாரம். சங்கத்தமிழில் ஆற்றுவாய்க்குப் புகார். நாலிலை என்று மொழிபெயர்த்தால் இதெல்லாம் நமக்குத் தெரியாமல் போகும். 'நாலிதழ்' என்று சொல்லிப் பாருங்கள். தமிழில் இதழ் பூவின் ஏடு, உதடும் இதழ்தான், நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கிற இந்த மாதிரிப் பத்திரிகையும் இதழ்தான். குவாட்ரஃபாயிலில் உதடு கிடையாது, தமிழின் நாலிதழில் உண்டு. அப்படியென்றால் நாலிதழ் என்பது ஒரு வாய்.

இதை வெறும் சொல்விளையாட்டு என்று தள்ளமுடியாதபடி ஒரு சாட்சி, உலகத்தின் அந்தப் பக்கத்தில், மெக்சிகோவின் சால்காட்சிங்கோவில் இருக்கிறது. ஓல்மெக் மரபில் ஏறத்தாழ 2,500 வருஷத்துக்கு முன் செதுக்கிய பாறைகள். ஒன்றில் திறந்த வாய்போன்ற ஒரு குகைக்குள் ஆள் உட்கார்ந்திருக்கிறார். குகையின் கோடு பாதி நாலிதழ். வாயிலிருந்து மூச்சோ பனியோ சுருள் சுருளாக வெளியேற, மேலே மேகம், மழைத்துளி. இன்னொரு பலகைக்கல்லில் பூமியின் முகம் நேராக நம்மைப் பார்க்கிறது. அதன் வாய் முழு நாலிதழ், நிஜமாகவே ஓட்டை. அந்த வாயின் நாலு மூலையிலும் செடி முளைத்திருக்கிறது. மழையும் விளைச்சலும் வந்துபோகிற வாசலாக அந்த வாயை அறிஞர்கள் வாசிக்கிறார்கள். 20-ம் நூற்றாண்டில் அந்தக் கல்லைத் திருடி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள்; 2023-ல் மெக்சிகோ திரும்பப் பெற்றது. பூமியின் வாயைப் பெயர்த்தெடுத்து விற்கலாம் என்று ஒருவனுக்குத் தோன்றியிருக்கிறது.

எண்ணூருக்கு வந்தால் அந்த வாயை வரைபடத்திலேயே பார்க்கலாம். மேற்கிலிருந்து கொசஸ்தலை. வடக்கே பழவேற்காடு நோக்கி நீளும் உப்பங்கழி. தெற்கே, பட்டணத்துப் பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய். கிழக்கே கடல். நாலும் கூடுகிற இடத்தருகே முகத்துவாரக்குப்பம், பக்கத்தில் தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம். தாழங்குப்பத்துக்குத் தாழையே கொடி. கேடயம் எதுவும் தேவைப்படவில்லை. கால்வாய்க்கு மட்டும் ஒரு டியூக்கின் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1876-78 பஞ்சத்தில் எலும்பும் தோலுமானவர்களை வைத்து அந்தக் கால்வாயை நீட்டினார்கள். தோண்டியவர்கள் பெயர் இல்லை, கவர்னர் பெயர் இருக்கிறது. இதுவும் ஒருவகை மூட்டைக்குறிதான்.

இந்த நீரை மீனவர்கள் பங்கிட்ட விதம் வேறு. பழவேற்காட்டுப் பக்கம் அதற்குப் 'பாடு' என்று பெயர். இன்ன இடத்தில் இன்று யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப்போட்டு முறைவைத்து மாற்றிக்கொள்வார்கள். இடம் யாருக்கும் சொந்தமாகாது, முறை மட்டும் சொந்தம். நான் இதை ஆதிப் பொதுவுடைமை என்று சொல்லமாட்டேன். பாட்டுப் பட்டியலில் குறிப்பிட்ட சாதித் தலைக்கட்டுகள்தான் உண்டு; பெண்களுக்குப் பெயரில்லை; சேற்றில் கைவிட்டு இறால் தடவும் இருளருக்கு வலைமுறை இல்லை. ஒன்பதாம் மகனுக்காவது ஒரு இலை கிடைத்தது. இருந்தாலும் கேடயத்துக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு வேறுபாட்டை மறைக்கமுடியாது. கேடயம் ஒரு குடும்பத்தை நிரந்தரமாக்குகிறது. பாடு நாளைக்கு மாறிவிடும்.

இந்த வாய் எப்படி மூடுகிறது என்பது தெரிந்த கதை, ஆனால் வடிவத்தின் கதையாக அதை யாரும் சொல்வதில்லை. அனல்மின் நிலையங்களின் சாம்பல் குழாய் உடைந்து கழியில் கொட்டியது. சுடுநீர் வந்தது. நிலக்கரி முற்றங்கள், துறைமுகங்கள் வந்தன. எல்லாவற்றையும்விட எனக்குத் திகைப்பாக இருப்பது ஒரு காகிதம். 1996-ல் மத்திய அரசு ஒப்புக்கொண்ட கடலோர மண்டலத் திட்ட வரைபடத்தில் எண்ணூர்க் கழி சுமார் 6,500 ஏக்கருக்குப் பாதுகாக்கப்பட்ட நீர்ப்பரப்பாக இருந்தது. பிறகு மாநில அதிகாரிகள் காட்டிய இன்னொரு வரைபடத்தில் அந்தக் கழியே இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக 2017-ல் இது வெளியே வந்தது. அதே வருஷ ஜனவரியில்தான் புறம்போக்கு என்ற சொல்லையே திருப்பிப் போட்ட பாடலை டி.எம். கிருஷ்ணா இந்தக் கழியில் நின்று பாடியிருந்தார். சால்காட்சிங்கோவில் வாயைப் பெயர்க்கக் கல்லை உடைக்க வேண்டியிருந்தது. இங்கே ரப்பர் போதும். கம்பெனிக்காரன் மூட்டையில் குறி போட்டுத் தனது என்றான். நவீன அரசு வரைபடத்தில் குறியை எடுத்துவிட்டு யாருடையதும் இல்லை என்கிறது. யாருடையதும் இல்லையென்றால் தனதாக்கிக்கொள்வது சுலபம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கழியை மூடியபோது, அதை அள்ளியவர்கள் குவளையோடும் வாளியோடும் இறங்கிய குப்பத்து ஆட்கள். அவர்கள் படகின் பக்கவாட்டில் எழுதியிருந்த அரசுப் பதிவெண்கள் தார் படிந்து மறைந்துபோயின. வலையை மாற்றலாம். தசைக்குள் ஏறிய நாற்றத்தோடு மீனை யார் வாங்குவார்கள்?

முகத்துவாரம் மணல்மேடிட்டு அடைத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. தூர்வாரச் சொல்லி மனு கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். கடல் மணலைக் கொண்டுவரும், ஆறு தள்ளிவிடும். அதுதான் முறை, கடலுக்கும் ஆற்றுக்கும் இடையிலான பாடு. 1944-ல் பூண்டியில் கொசஸ்தலையைத் தேக்கிப் பட்டணத்துக் குழாய்களுக்குத் திருப்பியபிறகு, மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் தள்ளிவிட ஆற்றுக்குத் தண்ணீர் இல்லை. மீஞ்சூர்ப் பக்கம் ஆழ்குழாய்கள் நிலத்தடி நன்னீரைத் தொழிற்சாலைகளுக்கு உறிஞ்சிய உறிஞ்சலில், 1960-களின் கடைசியிலிருந்தே கடல்நீர் மண்ணுக்கடியில் மேற்கே ஏறிக்கொண்டிருக்கிறது. மேலே மூடிய வாய்க்குப் பதில் கீழே ஒரு வாய் திறந்துகொண்டது. ஆரை நன்னீர்ச் செடி. வயல் ஈரம் இருந்தால் யாரும் விதைக்காமல் வரும், உப்பேறினால் போய்விடும். மீஞ்சூர் வரப்பில் அந்த நாலிலை இருக்கிறதா என்று பார்த்தாலே, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கீழே முகத்துவாரத்துக்குத் தண்ணீர் வருகிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம்.